சாய்ந்த மரமெல்லாம் விறகல்ல

போன வருசம் சித்திரைக் கடைசியில் ஒரு சாயந்திரம். மழை என்னவோ கால் மணி நேரம்தான். அதற்கு முன்னால் அடித்த சூறைக்காற்றுதான் ஆட்டம் காட்டிவிட்டது. என் தோட்டத்தில் வாழை அம்பது அறுபது ஒடிந்து கிடந்தது. விடிந்ததும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போன் வந்தது. முதலிபாளையம் சிட்கோ பகுதியில் பனியன் கம்பெனி நடத்தும் தம்பி. நான் வங்கியில் இருந்த காலத்தில் அவருடைய அப்பா எங்களுக்கு வாடிக்கையாளர்.

“சார், காம்பவுண்டுக்குள்ள ரெண்டு மரம் சாஞ்சிருச்சுங்க. ஒரு பெரிய கிளை பார்க்கிங் ஷெட்டு மேல தொங்குது. லேபர் உள்ள வரவே பயப்படறாங்க. விறகு வியாபாரி மிஷினோட வந்து நிக்கறார். ஒரேயடியா எல்லா மரத்தையும் எடுத்துக்கறேன், சும்மாவே சுத்தம் பண்ணித் தர்றேங்கறார். எடுத்தரட்டுங்களா?”

“தொங்கற கிளைக்குக் கீழ யாரையும் விடாதீங்க. வேற எதையும் தொடாதீங்க. அரை மணி நேரத்துல வந்தர்றேன்”னு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த வளாகத்தில் மொத்தம் 17 மரங்கள். வேம்பு 5, புங்கன் 4, மஞ்சள் பூ பூக்கும் இயல்வாகை 4, தூங்குமூஞ்சி 3, மூலையில் ஒரு கிழட்டு வெள்வேல். அந்த வெள்வேல் மட்டும் கம்பெனி வருவதற்கு முன்பே, அந்த இடம் கொரங்காடாக இருந்த காலத்திலிருந்தே நிற்பது. அன்று காலையில் நடந்ததையும், அதற்குப் பிறகு ஒரு வருசமாக நான் கவனித்ததையும் நம் உழவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மரம் பற்றி விவரம் கேட்க ஊரில் நம்மைத்தான் தேடி வருகிறார்கள். பள்ளிக்கூடம், கோயில், ஊராட்சி அலுவலகம், கம்பெனி என்று எங்கே மரம் சாய்ந்தாலும், ‘வெட்டு’ என்று சொல்லவும் ‘விடு’ என்று சொல்லவும் நமக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் வேலை ஆபத்தை நீக்குவது மட்டுமே

திருப்பூர்ப் பக்கம் காற்றடித்த மறுநாள் முதலில் வந்து நிற்பவர் விறகு வியாபாரிதான். சாயப்பட்டறை பாய்லருக்கும் அயர்னிங் பாய்லருக்கும் விறகு வேண்டும். அவர் மேல் தப்பில்லை, அவர் தொழில் அது. ஆனால் எந்த மரம் நிற்க வேண்டும் என்ற முடிவை விறகு எடை போடுகிறவர் கையில் கொடுக்கக் கூடாது. பயத்தில் இருக்கும் முதலாளி கையிலும் கொடுக்கக் கூடாது. பயம் தணிய நாலு நாள் ஆகும். மரம் வளர இருபது வருசம் ஆகும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மரம் மின்கம்பி மேல் கிடந்தால் கிட்டப் போகவே கூடாது. மின்வாரிய ஆட்கள் வந்து லைனை நிறுத்திவிட்டோம் என்று நேரில் சொல்லும் வரை ஈரக் கிளையும் மின்கம்பியும் ஒன்றுதான். தொங்கும் கிளைக்குக் கீழே கயிறு கட்டி வழியை மறிக்க வேண்டும். வழியை அடைத்துக் கிடப்பதை மட்டும் அகற்றலாம்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்த்தட்டு சட்டென்று திரும்பக் குழிக்குள் அமரும். அந்தக் குழியில் நின்று வேலை செய்தவர்களுக்கும், அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கும் உயிராபத்து நேர்ந்த இடங்கள் உண்டு. வளைந்து இறுகிக் கிடக்கும் கிளையும் அப்படித்தான், அறுத்தவுடன் வில் மாதிரித் தெறிக்கும். ஹெல்மெட் இல்லாமல், செருப்புக் காலோடு மிஷின் பிடிக்கும் ஆளை வேலைக்கு விடாதீர்கள்.

பொது இடத்து மரம் என்றால் இன்னொன்றும் உண்டு. அரசு நிலத்திலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்களை வெட்டுவது பற்றி முடிவு செய்ய, ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. வழியை மறித்து விழுந்ததை அகற்றுவது வேறு. காற்றைச் சாக்கு வைத்துப் பக்கத்தில் நிற்கும் நல்ல மரத்தையும் சேர்த்து அறுப்பது வேறு. இந்த இரண்டாவதைத்தான் நாம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

மரங்களுக்கு ஒரு வாராக்கடன் பட்டியல்

வங்கியில் கடன்களை நாலு வகையாகப் பிரிப்போம். தரமானது, தரம் குறைந்தது, சந்தேகத்துக்குரியது, நட்டம். ஒரு தவணை தவறியதற்காக ஒரு கடனையும் நட்டக் கணக்கில் எழுதமாட்டோம். அதே மாதிரி, எழுந்திருக்கவே முடியாத கடனை ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வருசக்கணக்கில் ஓட்டவும் கூடாது. அன்று காலையில் பழக்க தோசத்தில் ஒரு நோட்டை எடுத்து 17 மரத்துக்கும் அதே மாதிரி பட்டியல் போட்டேன்.

சேதமில்லாதவையும் சில்லறைக் கிளைகள் மட்டும் ஒடிந்தவையும் தரமானவை. அப்படி 9 இருந்தது. அவற்றைத் தொட வேண்டியதே இல்லை.

தலைப்பகுதியில் கால் பங்கு வரை போயிருந்தாலும், தண்டும் வேரும் உறுதியாக இருந்தால் வைத்தியம் பார்த்தால் தேறும். சாய்ந்த இளங்கன்றும் இந்த வகைதான். இப்படி 4. ஷெட்டு மேல் கிளை தொங்கிய தூங்குமூஞ்சி, கிளை முறிந்த இரண்டு வேம்பு, வேரோடு சாய்ந்த ஒரு சின்னப் புங்கன்.

பாதித் தலை போனது, தண்டில் பொந்து இருப்பது, புதிதாகச் சாய்வு கண்டது எல்லாம் சந்தேகக் கணக்கு. இதில் 2. வாசல் பக்கத்துப் பெரிய வேம்பும் அந்தக் கிழட்டு வெள்வேலும். இவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெருந்தண்டு பிளந்தது, பெரிய மரம் வேரோடு பெயர்ந்தது, அடித்தூரில் காளான் தட்டுத் தட்டாக முளைத்து உள்ளே மக்கிப் போனது மூன்றும் நட்டம். இதிலும் 2, இரண்டும் இயல்வாகை. ஒன்று மதில் மேல் விழுந்து கிடந்தது. இன்னொன்று நேராகத்தான் நின்றது, ஆனால் அடியில் காளான். கடப்பாரை நுனியால் குத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. நின்ற மரத்தை எடுக்கச் சொல்கிறேனே என்று தம்பிக்கு ஆச்சரியம். “விழுந்தது மட்டும் நட்டம் இல்லீங்க தம்பி. விழப் போறதும் நட்டம்தான்” என்றேன்.

ஒரு விசயம். இந்தக் கணக்கு தென்னைக்குப் பொருந்தாது. தென்னைக்கு ஒரே குருத்து. அது முறிந்தால் மரம் போயிற்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது டெல்டாத் தென்னை விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். விழுந்த தென்னைகளை அப்படியே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிட்டுப் பெருகும். நிற்கிற தென்னையின் குருத்தையும் தின்னும். அதனால் செத்த தென்னந்தண்டைத் தோப்பில் போட்டு வைக்கக் கூடாது.

காற்றுக்கு முன்பே வெட்டிவிட்டோம்

மதில் மேல் கிடந்த இயல்வாகையின் அடியைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. ஒரு பக்கம் முழுக்க வேரே இல்லை. அறுபட்ட முனைகள் கறுத்துப் போயிருந்தன. “இங்க என்ன தோண்டுனீங்க?” என்று கேட்டேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் மழைநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். மறுபக்கம், தண்டு வரைக்கும் இன்டர்லாக் கல். அன்றைக்கே வெட்டிய மரம்தான் அது. காற்று வந்து கீழே தள்ளியது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கே உறுத்தியது. கிளை மேலாளராக இருந்தபோது வங்கி வாசலில் ஒரு வேம்பு. வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று மரத்தின் தூர் வரைக்கும் சிமென்ட் போட அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வருசம் ஆடிக்காற்றில் ஒரு ராத்திரி அது விழுந்தது. பகலில் விழுந்திருந்தால் அந்த நிழலில் பென்சனுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் மேல் விழுந்திருக்கும். ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதி ஃபைலை மூடினோம். அதில் இயற்கை செய்தது பாதிதான் என்பது விவசாயத்துக்கு வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது. நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் போகிறது. தண்டின் குறுக்களவு ஒரு அடி என்றால், சுற்றிலும் 12 அடி தூரத்தை வேரின் இடமாகக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் மரப் பராமரிப்பு வல்லுநர்கள். அதற்குள் வாய்க்கால் தோண்டினால் மரத்தின் காலை வெட்டியதற்குச் சமம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த, சீக்கிரம் வளரும் மரங்கள் அதிகம் விழுந்ததாகப் பேசினோம். அது உண்மைதான். ஆனால் நடைபாதைக் கல்லும், கேபிள் பள்ளமும், வடிகாலும் வேரை நெருக்கியிருந்ததும் அதே அளவு உண்மை. தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்ட கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்சம். நம் ஊரில் அதுவும் இல்லை.

வேரை நெருக்குவது சிமென்ட் மட்டுமல்ல. மிதிபட்டு இறுகிய மண்ணும்தான். இதற்கு இங்கிலாந்தில் ஒரு அருமையான உதாரணம் உண்டு. 1987 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா சுமார் 700 மரங்களை இழந்தது. அங்கே டர்னர் ஓக் என்ற கிட்டத்தட்ட இருநூறு வயது மரம். புயலுக்கு முன்பே சில வருசமாக நலிந்துகொண்டு வந்தது. காற்று அதை வேர்த்தட்டோடு அலாக்காகத் தூக்கி, அதே குழியில் திரும்ப உட்கார வைத்துவிட்டது. வேலை மலையாகக் குவிந்திருந்ததால் முட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மூன்று வருசம் கழித்து வந்து பார்த்தால் மரம் முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது! பல காலமாகப் பார்வையாளர்கள் மிதித்து மிதித்து இறுகிய மண்ணைப் புயல் குலுக்கித் தளர்த்திவிட்டது. வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பூங்காவில் மண்ணைத் தளர்த்துவதையே ஒரு வைத்தியமாக ஆக்கிக்கொண்டார்கள்.

நமக்கு இது புதுசா? மண்ணுக்கு மூச்சு வேண்டும் என்று நாம் சொல்லாத நாளில்லை. நெல்லுக்கும் வாழைக்கும் சொன்னதை வாசல் மரத்துக்குச் சொல்ல மறந்துவிட்டோம். கன்டெய்னர் லாரி வந்து திரும்பும் இடத்தில் நிற்கும் மரம் எப்படி மூச்சு விடும்?

தம்பியிடம் சொல்லி, நிற்கும் மரங்களைச் சுற்றி இன்டர்லாக் கல்லை எடுக்க வைத்தோம். நிழலுக்குள் இரண்டடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத்துக்குத் துளை போட்டு, மக்கிய தொழுவுரத்தை நிரப்பினோம். மேலே, ஒடிந்து விழுந்த இலையையும் சிறு குச்சிகளையும் நறுக்கி அரையடிக்கு மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடவில்லை. ஒட்டினால் பட்டை அழுகும். லாரி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் நட்டோம்.

கிளையை அறுக்கும் முறை

தொங்கும் பெரிய கிளையைத் தண்டோரமாக மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்தால், பாதியில் முறிந்து தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். மூன்று அறுப்பு வேண்டும். முதலில் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. கிளை பாரம் இறங்கிவிடும். மூன்றாவது, மிஞ்சிய முண்டை எடுப்பது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்து மாதிரி கொஞ்சம் புடைத்திருக்கும். அந்தக் கழுத்தை விட்டு, அதை ஒட்டி அறுக்க வேண்டும். கழுத்தையே சீவினால் புண் ஆறாது. நீளமாக முண்டு விட்டாலும் ஆறாது.

அறுத்த இடத்தில் தார், பெயிண்ட் பூசுவது பரவலான வழக்கம். தேவையில்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தவர். மரம் மனிதத் தோல் மாதிரிப் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிடுகிறது என்று காட்டினார். மேலே பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டதுதான். அந்தச் சுவரை எழுப்ப மரத்துக்கு இலை வேண்டும். அதனால்தான் ‘பாரம் குறையட்டும்’ என்று தலையை மொட்டையடிப்பது கூடாது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாக வரும் கிளைகளுக்குப் பிடிப்புக் குறைவு. நாலைந்து வருசம் கழித்து அடுத்த காற்றில் அவைதான் முதலில் முறியும்.

சாய்ந்த புங்கனுக்குப் பனியன் துணி

வேரோடு சாய்ந்த புங்கன் நாலு வயசு. தண்டு மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அரையடிக் கனத்துக்குக் கீழே உள்ள மரங்களைத் தைரியமாக நிமிர்த்தலாம். அதைவிடப் பெரியதை கிரேன் வைத்து நிமிர்த்தினால், நிற்பது போலத் தெரியும், பிடிப்பு இருக்காது. ஆள் நடமாடும் இடத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

நிமிர்த்தும் வரை வேர் காயக் கூடாது. நம் ஊரில் சாக்குக்குப் பஞ்சமிருக்கலாம், கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமா? காட்டன் துணியை நனைத்து வேர்மேல் போர்த்தினோம். பிய்ந்த வேர் முனைகளைக் கத்தியால் சுத்தமாக வெட்டிவிட்டு, வேர் இறங்கும் இடத்தைத் தோண்டி இளக்கி, மெதுவாக நிமிர்த்தி, மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டோம். இரண்டு பக்கமும் முளை அடித்து, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் பனியன் துணிப் பட்டையால் எட்டு மாதிரிக் கட்டு. கம்பியோ நைலான் கயிறோ பட்டையை அறுத்துவிடும். இறுக்கக் கட்டக் கூடாது. கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு பருக்கும், வேர் பிடிக்கும். ஒரு வருசத்தில் முளையை எடுத்துவிட வேண்டும்.

வேம்பும் வெள்வேலும்

இனிச் சந்தேகக் கணக்கு இரண்டும்.

வெள்வேலில் ஆள் தலை நுழையும் பொந்து. ‘இதை முதல்ல எடுங்க’ என்று எல்லோரும் கைகாட்டியது அதைத்தான். கட்டையால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். பொந்து வாயைத் தவிர மற்ற இடமெல்லாம் கெட்டிச் சத்தம். சுற்றுச் சுவரின் கனம் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருந்தது. வேரை யாரும் வெட்டவில்லை, மண்ணில் விரிசல் இல்லை. குழாய் உள்ளே வெற்றாக இருந்தாலும் உறுதியாக நிற்கிறதல்லவா? அது நிற்பதும் ஆள் நடமாட்டமில்லாத மூலையில். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகளைக் கொண்டு அந்த மரம் இன்றும் வாழ்கிறது. கிழம் என்பதற்காகவே ஒரு மரத்தைக் கைவிடக் கூடாது. வெள்வேல் நிற்கட்டும் என்றேன்.

வேம்பு பார்வைக்குப் பச்சைப் பசேலென்று இருந்தது. அந்த வளாகத்திலேயே அழகான மரம். ஆனால் வாசல் பக்கம் கொஞ்சம் சாய்வு. எதிர்ப்பக்க மண்ணில் புது விரிசல், விரலை விட்டால் உள்ளே போனது. காற்றில் கிளை அசையும்போது அந்த விரிசல் திறந்து மூடியது. இரண்டு பக்கமும் வடிகால். சாய்வுக்கு நேர் கீழே டீக்கடை. சிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வேனுக்காக நாற்பது அம்பது பெண்கள் நிற்கும் இடம்.

எனக்கு அந்த மரத்தைக் காப்பாற்ற ஆசை. என் பழைய கையெழுத்துக்குக் கழுவாய் தேடும் ஆசை என்றும் சொல்லலாம். கம்பி கட்டி நிறுத்தலாமா, கிளையைக் குறைக்கலாமா என்று ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். டீக்கடை அக்கா கேட்டார்: “ஐயா, நான் கடையப் போடலாங்களா, வேண்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ‘போடலாம்’ என்ற பதில் இல்லை. அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. ஆபத்து என்பது மரத்தில் மட்டும் இல்லை, அதன் கீழே யார் நிற்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அதே வேம்பு என் தோட்டத்து வரப்பில் இருந்தால் விட்டிருப்பேன். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

எடுத்தது இந்த வேம்பும் இரண்டு இயல்வாகையும். விட்டது 14. கனமான கட்டையை விறகு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொண்டார். வந்த காசு மண் வேலைக்கு ஆயிற்று. வேப்பந்தழை இரண்டு டிராக்டர் என் வயலுக்குத் தழையுரமாக வந்தது.

ஒரு வருசம் கழித்து

ஆனி, ஆடி இரண்டு மாதமும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து போனது. ஒன்றும் விழவில்லை. தூங்குமூஞ்சியின் வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை மோதிரம் போலச் சுருண்டு மூடி வருகிறது. புங்கன் முளையில்லாமல் நிற்கிறது. கிளை முறிந்த வேம்பில் ஒன்று மட்டும் தையில் காய்ந்துபோனது. தோண்டிப் பார்த்தால் அதன் வேர் ஏற்கெனவே பாதி செத்திருந்தது. நான் தரம் குறைந்தது என்று எழுதியது உண்மையில் நட்டம். வேரைத் தோண்டிப் பார்க்காமல் எழுதியது என் தப்பு. மிச்சம் 13.

வேம்பு நின்ற இடத்தில் தம்பி ஒரு புங்கன் நட்டிருக்கிறார், ஆறடிக்கு ஆறடி மண் விட்டு. ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டம் 2015இல் தொடங்கியதிலிருந்து நம் மாவட்டத்தில் லட்சக்கணக்கான கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. அவை இப்போது காற்றுப் பிடிக்கும் வயசுக்கு வருகின்றன. நட்டவர்களுக்கு நன்றி சொல்வதோடு, வேரைக் காப்பதும் இனி நம் வேலை.

ஒவ்வொரு ஊரிலும் வைகாசிக்குள் ஒரு நாள் ஒதுக்குங்கள். பள்ளி, கோயில், ஊராட்சி, கம்பெனி வளாகங்களில் உள்ள மரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடியில் காளான் உண்டா, மண்ணில் விரிசல் உண்டா, சுற்றிலும் யார் தோண்டினார்கள், கீழே யார் நிற்கிறார்கள் என்ற நாலு கேள்விக்குப் பதில் போதும். காற்றடித்த மறுநாள் காலையில் மிஷினோடு ஒருவர் வந்து நிற்பார். அவர் வரும்போது நம் கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.